டேமேஜுக்குப் பக்கத்துல 'டு'

திருவொத்தியூர்லேர்ந்து காட்டுப்பள்ளி வரைக்கும் ஓடுற அத்தனை டிரெய்லர் லாரியும் சேர்ந்து கொடுத்த பேஜாரைவிட, 'டு மாமு' ஒரே ஆளா எனக்குக் கொடுத்த பேஜாரு அதிகம்.

எங்க கன்டெய்னர் யார்டுல அவர் செக்கர். உள்ள வர்ற பெட்டியில எங்க ஓட்டை, எங்க நசுங்கல்னு பார்த்துச் சொல்லுவாரு. ஆபீஸ்ல ரிப்போர்ட் டைப் பண்றது நான். 'டேமேஜ் ஆஃப் டோர்'னு அடிச்சேனோ, தொலைஞ்சேன். கொளுத்துற வெயில்ல யார்டு முழுக்க நடந்து வந்து, டேமேஜுக்குப் பக்கத்துல டு மட்டும்தான் நிக்கணும், வேற எவனும் நிக்கக்கூடாதுன்னு சண்டைக்கு நிப்பாரு.

ஜுரத்துல கெடந்த ஒருத்தன் வாட்ஸ்அப்ல 'ரிக்வெஸ்ட் ஆஃப் லீவ்'னு போட்டான். ஜுரம் எப்படி கீதுன்னு ஒரு வார்த்தை கேக்கல மனுஷன். 'ஃபார்'னு திருத்தி மறுபடி அனுப்பச் சொன்னாரு. இன்னொருத்தன் கல்யாணப் பத்திரிகையில 'இன்விடேஷன் ஃபார் வெட்டிங்'னு இருந்துச்சு. சிவப்பு பேனாவால 'டு'ன்னு மாத்தி, மாப்பிள்ளை கையிலேயே திருப்பிக் கொடுத்தாரு. இந்த ஆளை இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க.

ஒருநாள் ஸ்டெல்லா ஓட்டுற ஃபோர்க்லிஃப்ட், அதான் சரக்கு தூக்குற வண்டி, சும்மா நின்னுகினு இருந்துச்சு. ரிவர்ஸ்ல வந்த லாரி இடிச்சு அதோட முன்பக்கம் வளைஞ்சுபோச்சு. டு மாமு, பயந்துபோன அந்தப் பொண்ணுக்குத் தண்ணி வாங்கப் போயிட்டாரு. நான் அவசரத்துல 'டேமேஜ் பை ஃபோர்க்லிஃப்ட்'னு அடிச்சு அனுப்பிட்டேன். மறுநாள் மேனேஜர் ஸ்டெல்லாவை வேலைக்கு வரவேணாம்னுட்டாரு. அந்த வூட்டுல வேலைக்குப் போறது அவ ஒருத்திதான்.

டு மாமு ரிப்போர்ட்டைத் தூக்கிகினு மேனேஜர் ரூமுக்குள்ள போனாரு. பின்னாடியே நானும் போனேன். ஒரு சின்ன வார்த்தைக்கு ஏன் இவ்ளோ ஆர்ப்பாட்டம்னாரு மேனேஜர்.

"தம்மாத்தூண்டு வார்த்தைதான் சார். டு போட்டா அவ வண்டி அடி வாங்கிச்சு. பை போட்டா அவ வண்டி அடிச்சிச்சு. வாங்கினத நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்."

மேனேஜர் கேமரா பதிவைப் போட்டுப் பார்த்தாரு. ஸ்டெல்லாவை வரச் சொல்லிட்டு, எந்த முட்டாள் இப்படி எழுதினதுன்னு கேட்டாரு. நான் கதவுப் பக்கம் ஒரு அடி பின்னாடி போனேன்.

"நான்தான் சார்"னாரு டு மாமு.

அவருக்கு மெமோ வந்துச்சு. டு மாமுவே டு-வைக் கோட்டை விட்டுட்டாருன்னு யார்டே ஒரு மாசம் சிரிச்சுது. எனக்குப் பத்திகினு வந்துச்சு. யாரு கேட்டா இவரை? ஏன் மாமு நீ இப்படிப் பண்ணேன்னு சண்டைக்குப் போனா, போய் வேலையைப் பாருன்னுட்டாரு.

சிரிச்சவங்க எல்லாரும் இதைப் படிக்கட்டும். அந்த 'பை' நான் அடிச்சது. எங்க மாமு ஆயுசுல அப்படி எழுதினதில்ல.