ஒன்பது பேப்பர் போனவன்

மரக்காணம் உப்பளக் கரையில் என் கூட்டாளியைப் போல் தன்னைத்தானே மெச்சிக்கொண்ட மடையன் இதுவரை பிறந்ததில்லை. இனி ஒருவன் பிறந்தால் ஊர் தாங்காது. என்னோடு தினமும் பஸ்ஸேறிப் போய் பி.எஸ்சி. வேதியியல் படித்தான். ஃபெயிலான ஒவ்வொரு பாடத்துக்கும் மறுமதிப்பீடு கேட்டதால் பெயரே ரீவேல்யூவேஷன் ஆகிவிட்டது.

ஒருமுறை மறுமதிப்பீட்டில் முப்பது மார்க், இருபத்திரண்டாக இறங்கியது. "ரெண்டாவது தபா படிச்சவருக்குப் பொறாமை வந்துட்டுது" என்றான்.

லேபில் ஒரு உப்பைக் கொடுத்து, சோதித்து அது என்னவென்று எழுதச் சொன்னார்கள். எங்கள் இரு வீட்டாரும் உப்பளக் கூலிகள். அவன் சோதனைக் குழாயைத் தொடவே இல்லை. "உப்புலயே பொறந்தவன்கிட்ட இது இன்னா உப்புன்னு கேக்குறாங்க" என்று முனகிவிட்டு, சோடியம் குளோரைடு என்று எழுதி நீட்டினான்.

"நீலமா இருக்குதேப்பா" என்றார் பேராசிரியை.

"எவனோ கலரு போட்டிருக்கான் மேடம். கடையில திருப்பிக் குடுத்துடுங்க."

எனக்கு ஒரே ஒரு பாடம் போனது. எங்கள் வீட்டிலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். நமக்கெல்லாம் இது சரிப்படாது என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தோன்றிவிட்டது. புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிட்டு, அம்மாவோடு உப்பு வார இறங்கினேன்.

மறுவாரம் பாத்தி வரப்பில் வந்து நின்றான், சட்டையை இன் பண்ணி, கூலிங் கிளாஸோடு.

"ஒரு பேப்பர் போனதுக்கா இங்க வந்து குனிஞ்சிக்கினு இருக்கே? எனக்கு ஒம்போது போயிருக்குது. நான் வெக்கப்பட்டனா?"

"நீ படணும்பா" என்றார் அம்மா, வாருவதை நிறுத்தாமல்.

"இவன் நின்னுட்டா நான் யாரைப் பாத்து எழுதறதும்மா? டேய், நாளைக்கு ஏழு மணி பஸ்ல சீட்டு போட்டு வெக்கிறேன். வந்து சேரு."

அவன் அக்கறையின் லட்சணம் அவ்வளவுதான். மறுநாள் கைக்குட்டை போட்டு, நின்றவர்களோடெல்லாம் சண்டை பிடித்து அந்த சீட்டைக் காத்தான். உட்கார்ந்தேன். போன பாடத்தை எழுதித் தேறி, பிறகு எம்.எஸ்சி.யும் முடித்தேன். என்னைப் பார்த்து எழுதிய அந்த மகானோ மறுபடி ஃபெயில். நான் எழுதியதெல்லாம் தப்பு என்று திருத்தி எழுதியிருக்கிறான்.

அவனுக்கு இன்னும் ஒரு பேப்பர் பாக்கி. ஒவ்வொரு தேர்வுக்கும் நான்தான் பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன். "இந்தத் தபா கோல்டு மெடல்" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறான். வெளியே வரும்வரை டீக்கடை பெஞ்சில் அவனுக்குக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைக்கிறேன்.