முன்னால் இருந்த பை

“அது வேண்டாம் தம்பி. பின்னாடி இருக்கறதை எடுங்க.”

ரத்த வங்கி ஊழியர் கையில் பையோடு அப்படியே நின்றார். காய்கறிக்கடைக்காரம்மா ஜன்னலுக்குள் கழுத்தை நீட்டிக் குளிர்பெட்டியை எட்டிப் பார்த்தார்.

“அம்மா, இது வந்து...”

“எங்கிட்டயேவா? இருபது வருஷமா கடை வச்சிருக்கேன். பழசை முன்னாடி வச்சு, புதுசைப் பின்னாடி ஒளிக்கிறது நானே பண்றதுதான்!”

பயத்தில் நியாயம் இருந்தது. கணவரின் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. எடுத்து நாளான ரத்தத்தில் பொட்டாசியம் கூடிக்கொண்டே போகும், அவருக்கு அது ஏறினால் இதயமே நின்றுவிடலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். டயாலிசிஸ் ஓடும்போதே ஏற்றிவிட்டால் இயந்திரம் அதை வடித்துவிடும். இயந்திரம் நிற்க இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது.

“வேற பைன்னா அவர் ரத்தத்தோட மறுபடி பொருத்தம் பார்க்கணும். முக்கால் மணி நேரம் ஆகும்மா.”

“ஆகட்டும்.”

“அப்ப இது வேண்டாம்னு கையெழுத்துப் போடுங்க.”

போட்டார். முக்கால் மணி நேரம் ஒரு மணி நேரமாயிற்று. பை கைக்கு வந்ததும் அமுக்கிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். வழியில் வாடிவிடக் கூடாதே என்று கீரைக்குத் தெளிப்பது போலத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு நடந்தார்.

நர்ஸ் துணியைப் பிரித்தார். பைமேல் எழுதியிருந்த மை கரைந்து முழுக்க நீலமாக ஓடியிருந்தது.

“இதுல நம்பரே காணோமே!”

“நம்பர் கிடக்குது சிஸ்டர். பை எப்படிக் குளுகுளுன்னு இருக்கு, தொட்டுப் பாருங்க.”

“நம்பர் பார்க்காம ஒரு சொட்டுகூட ஏத்த மாட்டேன். ரத்தம் மாறினா ஆளே போயிடுவார்.”

கட்டிலில் கணவர் கண்ணைத் திறந்தார். “ரத்தத்தையுமா நனைச்சே?” என்று கேட்டுவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

காய்கறிக்கடைக்காரம்மா மூச்சிரைக்க ஓடினார். குளிர்பெட்டியில் அந்த வகை ரத்தம் ஒரே ஒரு பைதான் மிச்சம். எடுத்து முப்பது நாள் ஆகியிருந்தது.

“முன்னாடி காட்டினீங்களே, அது?”

“ஆபரேஷனுக்குப் போயிடுச்சும்மா.”

மறுபடி பொருத்தம், மறுபடி முக்கால் மணி நேரம். டயாலிசிஸ் முடிய ஒன்றரை மணி நேரமே பாக்கி இருந்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக வாயே திறக்காமல் ஒரு பொருளை வாங்கிக்கொண்டு திரும்பினார். இரண்டு நர்ஸுகள் நம்பரைச் சரிபார்த்து ஏற்றினார்கள். அவர் கணவரின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கடைசிச் சொட்டும் இறங்கியது. பொட்டாசியம் ஏறவில்லை என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. கூடவே பேச்சும் வந்தது.

“பார்த்தீங்களா அக்கா, முதல்ல ஏதோ அரதப் பழசை என் தலையில கட்டப் பார்த்தாங்க. நான் விடுவேனா?” என்றார், தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மாவிடம்.

ஆயாம்மா துடைப்பதை நிறுத்தினார்.

“அதுவா? உங்க வீட்டுக்காரருக்குப் புது ரத்தம்தான் வேணும்னு டாக்டர் எழுதின சீட்டைக் காலையில நான்தானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பின்னாடியெல்லாம் தேடி, நாலே நாள் ஆன பை ஒண்ணை எடுத்து முன்னாடி வச்சாங்களே!”