ரெண்டு பிரேக் மாஸ்டர் பனிமலை தேர்ந்தெடுத்த கதை

பனி என்ற பொருளைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் மட்டுமே கண்டு வளர்ந்த ஊர் எங்கள் தாம்பரம். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, இமயமலைச் சரிவுகளை ஒவ்வொன்றாக எதிரில் நிறுத்தி நேர்காணல் நடத்தி, தேறாதவற்றை ஈவிரக்கமின்றித் திருப்பி அனுப்பிய மனிதர் இந்தப் பாரத நாட்டில் ஒருவர்தான் உண்டு. மறுப்பவர் எவராயினும் எந்த மேடைக்கும் வரலாம். வாதிட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

கிழக்குத் தாம்பரத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அவருடைய பெயர் பலகையில் எழுதியிருக்கிறது. ஆனால் அதை எவரும் வாசித்ததில்லை. ஊருக்கு அவர் ரெண்டு பிரேக் மாஸ்டர். கற்றுக்கொடுக்கும் காரில் ஓட்டுபவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் மாஸ்டருக்கு ஒரு பிரேக் என்பது எல்லா டிரைவிங் ஸ்கூலுக்கும் பொதுவான ஏற்பாடு. எங்கள் மாஸ்டரோ பிரேக் இல்லாத இடத்திலும் அதை மிதிப்பவர். ஷேர் ஆட்டோவில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அவருடைய வலது கால் தகரத்தை மிதித்துக்கொண்டே வரும். தொலைக்காட்சியில் கதாநாயகனின் கார் பறந்தால் வீட்டுத் தரை அதிரும்.

"மாஸ்டர், கொஞ்சம் கால எடு. வண்டி அடி ஓட்டையாயிடும்" என்று ஆட்டோக்காரர் ஒருமுறை கெஞ்சினார்.

"நீ மொதல்ல முன்னாடி போற பஸ்ஸுக்கு எடம் வுடு. என் காலு தன்னால எந்திரிக்கும்" என்றார் மாஸ்டர்.

இத்தகைய மனிதரின் மனைவி வசந்தி அக்கா. காப்பீட்டு அலுவலகத்தில் பணிபுரிபவர், நிதானமானவர், குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பாதித் தாம்பரத்துக்குக் கார் ஓட்டக் கற்றுத்தந்த மாஸ்டரால் அவருக்கு மட்டும் கற்றுத்தர முடியவில்லை. வேளச்சேரி சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்றார்கள். அக்கா வண்டியை நகர்த்துவார், மாஸ்டர் நிறுத்துவார். எதிரில் நாய் வந்தாலும் பிரேக், வராவிட்டாலும் பிரேக். அக்கா சாவியைக் கழற்றி அவர் மடியில் வைத்தார், கதவைத் திறந்து இறங்கினார், பஸ் பிடித்து வீடு போய்ச் சேர்ந்தார். பிறகு குரோம்பேட்டையில் இன்னொரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, முதல் தேர்விலேயே உரிமம் வாங்கினார். மாஸ்டரிடம் இந்தச் செய்தியை எடுத்துப் பேசுமளவுக்குத் துணிந்தவர் எங்கள் வட்டாரத்தில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அந்த அக்காவுக்கு ஒரே ஓர் ஆசை. யாரோ ஒரு பெண் பனிமலைச் சரிவில் சறுக்கி இறங்கும் காட்சியைச் செல்போனில் பார்த்துவிட்டு, "வாழ்க்கையில ஒரு தடவை நானும் இப்படி இறங்கிப் பாக்கணுங்க" என்றார். "அவ்ளோதானே, போலாம்" என்றார் மாஸ்டர். சொன்ன வேகத்தில் புறப்பட்டிருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை. அவர் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்.

முதல் குளிர்காலம் விசாரணையில் கழிந்தது. சுற்றுலா நிறுவனம் ஒன்றைத் தொலைபேசியில் பிடித்தார். எதிர்முனையிலிருந்த இளைஞர், "சார், இந்த ஸ்லோப் உலகத் தரம், ரொம்ப உயரம், ரொம்ப நீளம்" என்று உற்சாகமாக ஆரம்பித்தார்.

"உயரம் இன்னாத்துக்குபா? நான் கேக்கறது புதுசா கத்துக்கறவனுக்கு. தாம்பரம் மேம்பாலத்து மேல எவனாச்சும் மொத நாள் கிளாஸ் எடுப்பானா? காலி கிரவுண்டு மாரி ஒரு எடம் கீதா சொல்லு."

"சார், அங்க போனா எல்லாரும் உச்சிக்குதான் சார் போவாங்க."

"சரி, அத்த வுடு. பிரேக் எங்க கீது?"

"ஸ்கீயில பிரேக் எல்லாம் கிடையாது சார்."

மாஸ்டர் இணைப்பைத் துண்டித்தார். அத்துடன் அந்த ஆண்டின் தேடலும் துண்டிக்கப்பட்டது.

இரண்டாம் குளிர்காலம் ஒப்பீட்டில் கழிந்தது. மூன்றாவது தொடங்கும் தறுவாயில், நான் உரிமத்துக்கு விண்ணப்பிக்க அவருடைய கடையில் உட்கார்ந்திருந்தபோது, வசந்தி அக்கா அலுவலகப் பையுடன் உள்ளே வந்தார்.

"என்னங்க, எங்க ஆபிஸ் லேடீஸ் எல்லாம் பொங்கலுக்கு அப்புறம் மணாலி போறாங்க. பனியத் தொட்டுப் பாத்து, போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுவாங்க. தீபாவளிக்குள்ள நீங்க ஓர் ஊரைச் சொல்லுங்க. இல்லன்னா நானும் அவங்களோட போயிடறேன். எனக்கு அது போதும்னு நெனச்சுக்கறேன்."

கோபித்திருந்தால் மாஸ்டர் தாங்கியிருப்பார். "போதும்னு நெனச்சுக்கறேன்" என்ற சொற்கள்தாம் அவரை ஆடவைத்தன. அக்கா போனதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ காலேஜ்ல பேச்சுப் போட்டி எல்லாம் ஜெயிச்சவன்தானே? எனக்கு ஒரு முடிவு தெரியணும். ஒவ்வொரு ஊருக்காகவும் நீயே பேசு. நாளிக்கு காஷ்மீரு குல்மார்க். அப்பாலிக்கு உத்தராகண்ட் ஔலி. நான் கேட்டுகினே வண்டிய பாத்துக்கறேன்."

இவ்வாறாக, தமிழகப் பட்டிமன்ற வரலாற்றில் முதன்முறையாக, ஓடும் காரின் பின்னிருக்கை மேடையானது. முடிச்சூர் சாலையில் ஒரு மாணவர் கியர் போடக் கற்றுக்கொண்டிருக்க, நான் பின்னாலிருந்து குல்மார்க்கின் பரப்பை முழங்கினேன். மறுநாள் ஔலியின் தேவதாருக் காடுகளை எழுப்பினேன். அதற்கடுத்த நாள் மணாலிக்கு மேலுள்ள சோலாங் பள்ளத்தாக்கை வர்ணித்தேன். தன்னடக்கம் என் துறை அன்று. ஆகவே சொல்லிவிடுகிறேன், ஔலி உரை என் வாழ்வின் சிறந்த உரைகளில் ஒன்று. அதன் உச்சத்தில் ஓட்டிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் உணர்ச்சிவசப்பட்டு ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரு கைகளாலும் தட்டினார். மாஸ்டரின் கால் பாய்ந்தது. கார் ஒரு பானிபூரி வண்டியின் முன்னால் உறைந்து நின்றது.

"தம்பி, உன் பேச்சு சூப்பர். ஆனா பேஜாரா கீது. இனிமே வண்டிய ஓரங்கட்டிட்டுதான் பேசணும், இன்னா?"

இத்தனை உரைகளுக்குப் பின்னும் தீர்ப்பு வரவில்லை. குல்மார்க் செலவு கூடுதல் என்பார். ஔலிக்கு மலைப்பாதை நீளம் என்பார். சோலாங்கில் கூட்டம் நெரியும் என்பார். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு மாலையில் வசந்தி அக்கா பின்னிருக்கையில் என் பக்கத்தில் அமர்ந்து முழு உரையையும் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் என்னிடம், "தம்பி நல்லா பேசறே" என்றார். பிறகு முன்னிருக்கையைப் பார்த்து, "ஊரெல்லாம் நல்லாதான் இருக்கு. நான் எப்பங்க போறேன்?" என்றார்.

மறுநாள் காலை மாஸ்டர் தீர்ப்பளித்தார். நான் முழங்கிய ஊர் எதுவும் அதில் இல்லை. இமாச்சலத்தில் பெரிய ஊர்களுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடந்த ஒரு சிற்றூரை அவரே விசாரித்துப் பிடித்திருந்தார். அந்தத் தீர்ப்பை நான் இன்றும் பெருமையோடு ஒப்பிக்கிறேன். முதன்முறை போகிற எவருக்கும் இதைவிடச் சிறந்த வழிகாட்டல் கிடையாது.

"சின்னச் சரிவு. வுழுந்தா எந்திரிச்சு வரலாம். சொல்லித்தர ஆளு அங்கியே கீறாரு. சறுக்கற கட்டை, பூட்ஸ், கோட்டு எல்லாம் வாடகை. தங்கற எடத்துலேந்து நடந்தே போலாம், டாக்ஸி செலவு மிச்சம். ஆறு பேரு சேந்தா ஒரு பேட்ச், ரேட்டு கொறையும். நியூ இயர் கூட்டம் அடங்கி, பொங்கல் முடிஞ்சப்புறம் போனா ரூமும் சல்லிசு. தம்பி, நீயும் வரே. தலைமையாசிரியர் சாரும் வராரு. நம்ம கிளாஸ்லேந்து இன்னும் ரெண்டு பேரு சேந்துட்டாங்கோ."

அன்றே நான் தியாகராய நகரில் பனிக்கோட்டு வாங்கப் புறப்பட்டேன். மாஸ்டர் வழியிலேயே மறித்தார். "எல் போர்டு மாட்றதுக்கு முன்னாடி காரு வாங்கறவனா நீ? மொதல்ல உனக்கு அது புடிக்குதா பாரு. அப்பால வாங்கு."

பயிற்சி இல்லாமல் எந்த மாணவரையும் சாலையில் இறக்காதவர் அவர். எனவே திருநீர்மலைக் கோயில் படிகளில் எங்களை வாரந்தோறும் ஏற்றினார். இறங்கும்போது முழங்காலை மடக்கி, கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில் அமர்ந்தவாறு இறங்கவேண்டும் என்று ஆணையிட்டார். வெறுங்காலுடன் ஆறு பேர் வரிசையாக அரைக்குந்தலில் இறங்குவதைக் கண்ட ஓர் அம்மையார் பக்தியோடு ஒதுங்கி, "என்ன வேண்டுதல்பா?" என்று கேட்டார்.

"பனி வேண்டுதல்மா" என்றார் மாஸ்டர் மூச்சிரைக்க. அம்மையார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தை பிறந்தது, ரயில் ஏறினோம், பஸ் மாறினோம், ஒரு காலைப் பொழுதில் கண் கூசும் வெண்மையின் நடுவே நின்றோம். வாடகைக் கோட்டுகளை மாட்டியதும் மாஸ்டர் தம் பையிலிருந்து வெள்ளைத் துணிகளை எடுத்தார். ஒவ்வொன்றிலும் சிவப்பு நிறத்தில் 'எல்' என்ற எழுத்து தைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொருவர் முதுகிலும் ஊக்கு வைத்துக் குத்தினார்.

"மாஸ்டர், இங்க போலீஸ் கிடையாது" என்றேன்.

"பின்னாடி வர்றவனுக்குத் தெரிய வாணாமா? சட்டம் பனிக்கும்தான்."

நான் வெட்கப்பட வேண்டிய இடம் அது. பக்கத்தில் சறுக்கக் கற்றுக்கொண்டிருந்த தில்லிக் குடும்பமோ ஓடி வந்து, இது எந்தக் கடையில் வாடகைக்குக் கிடைக்கும் என்று விசாரித்தது. மாஸ்டரின் பையில் உபரி இருந்தது. சற்று நேரத்தில் அந்தச் சரிவில் பாதிப்பேர் எங்கள் டிரைவிங் ஸ்கூல் மாணவர்களாகிவிட்டார்கள். தாம்பரத்தின் கொடி இமயத்தில் பறந்தது என்று இதைத்தான் சொல்கிறேன்.

கற்பிக்க வந்த உள்ளூர் இளைஞர், சறுக்குக்கட்டைகளின் முனைகளை முன்னால் சேர்த்து, குதிகால்களைப் பின்னால் அகட்டிக் காட்டினார். சறுக்கிக்கொண்டே வந்தவர் மெல்ல வேகம் குறைந்து நின்றார். மாஸ்டர் துள்ளினார். "இதோ கீதுபா பிரேக்! ஒரு காலுக்கு ஒண்ணு! இத்தத்தான் அந்தப் பையன் போன்ல இல்லேன்னு சொன்னான்!"

மதியம் எங்கள் முறை வந்தது. வசந்தி அக்கா சரிவின் மேலே நின்றார். மாஸ்டர் கட்டைகளைக் கழற்றிவிட்டு, சரிவின் நட்டநடுவே போய் இரு கைகளையும் விரித்து நின்றார்.

"வா வசந்தி. பயப்படாத. நான் கீறேன், புடிச்சிக்கறேன்."

"நகருங்க."

"வேகம் வந்துச்சுன்னா இன்னா பண்ணுவே?"

"நிறுத்துவேன். சொல்லிக்கொடுத்தாங்கள்ல."

"மொத தடவைதானே, நான் ஓரமா..."

"நீங்க நடுவுல நின்னா நான் இறங்க மாட்டேங்க. இவ்ளோ தூரம் வந்தது போட்டோ எடுத்துக்கவா?"

குரல் உயரவில்லை. ஆனால் சரிவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று குளிர்காலம் காத்திருந்த ஒரு பெண்ணுக்கும் கீழே விரிந்த வெண்மைக்கும் நடுவில், விரித்த கைகளோடு ஒரு மனிதர். எந்தத் தலைப்பிலும் எந்தப் பக்கமும் பேசக்கூடிய நான், அன்று எந்தப் பக்கமும் பேசவில்லை.

மாஸ்டர் கைகளை இறக்கினார். ஓர் அடி, இன்னும் ஓர் அடி. ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டார்.

வசந்தி அக்கா இறங்கினார். முதலில் தயங்கி, பிறகு தயங்காமல், எங்களைக் கடந்து, காற்றில் முதுகுத் துணியின் முனை படபடக்க. மாஸ்டரின் வலது கால் பனிக்குள் முழங்கால்வரை புதைந்தது. கீழே கட்டைகளின் முனைகள் சேர்ந்தன, குதிகால்கள் அகன்றன. அக்கா நின்றார். தானாக, நேராக, யாரும் பிடிக்காமல் நின்றார். திரும்பி மேலே பார்த்து, வெற்றி பெற்ற எந்தப் பேச்சாளர் முகத்திலும் நான் கண்டிராத ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"நீங்களும் வாங்க!" என்று கை காட்டினார்.

புதைந்த காலை உருவிக்கொண்டு மாஸ்டர் அவசரமாக அடியெடுத்து வைத்தார், வழுக்கினார், உட்கார்ந்தபடியே பாதிச் சரிவைக் கடந்தார். அக்கா கட்டைகளைக் கழற்றிவிட்டு மேலேறி வந்து கை நீட்டினார். ஊருக்கெல்லாம் வழி சொன்ன அந்த மனிதர், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா வைத்த அடியில் அடி வைத்து இறங்கினார். தொப்பியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பனியின் கூச்சமாக இருக்கலாம் என்று வாதிட இடமுண்டு, நான் வாதிடப்போவதில்லை.

தில்லிக் குடும்பத்துப் பெரியவர் என் தோளைத் தொட்டு, மாஸ்டரைக் காட்டி, அவர் யார் என்று இந்தியில் கேட்டார். இரண்டு மணி நேரம் குறிப்பின்றிப் பேசுவதற்குரிய வரலாறு என்னிடம் இருந்தது. எனக்குத் தெரிந்த இந்தியில் இரண்டே சொற்கள்தாம் கிடைத்தன.

"ஹமாரா மாஸ்டர்" என்றேன். எங்கள் மாஸ்டர்.