உள்ளூர் எடை

அரசாங்கத்துக்கு மனிதர்களை எடைபோடத் தெரியாது என்று சொல்பவர்களுக்கு ஆம்ப்ரோஸைத் தெரியாது. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு பெங்களூரில் அவரை அது கிராம் சுத்தமாக எடைபோட்டு, மாநிலவாரியாகப் பிரித்தும் கொடுத்தது.

ஆம்ப்ரோஸ் ஆம்பூர்க்காரர். ஷூ கம்பெனி சூப்பர்வைசர். பொம்மசந்திரா கிளைக்கு மாற்றலாகி வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எடை நூற்று நாற்பத்திரண்டு கிலோ. தூங்கும்போது மூச்சு நின்று நின்று வந்தது. இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷனைச் செய்யாவிட்டால் ஒருநாள் நின்ற மூச்சு நின்றதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்களே, அந்தத் தொழிலாளர் மருத்துவ உதவித் திட்டம் வேறெதற்கு என்று மனைவி ஜூடித்தின் கையைப் பிடித்துக்கொண்டு அலுவலகத்தின் மூன்று மாடியையும் ஏறினார். லிஃப்ட் இருந்தது. அதற்குள் பழைய ஃபைல்களும் இருந்தன.

அதிகாரி ஸ்ரீகண்டன் மெலிந்த மனிதர். அந்த வருஷம் ஆபீஸ் முழுக்க உடம்பு இளைக்க முட்டைக்கோஸ் சூப் குடிக்கும் மோகம். அவரும் ஃபிளாஸ்க்கிலிருந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டுத்தான் பேசினார், அதுவும் தமிழில். ஆம்ப்ரோஸுக்குப் பாதி உயிர் திரும்பியது.

“தமிழ்நாட்டு மருத்துவப் புத்தகம் இருக்கா?”

இருந்தது. ஆம்பூரை விட்டுக் கிளம்பிய வாரம் நூற்றுப் பதினெட்டு கிலோ என்று அதில் எழுதியிருந்தது. ஸ்ரீகண்டன் கால்குலேட்டரைத் தட்டினார்.

“உங்களுக்கு இருபத்திநாலு கிலோதான் சார்.”

“நூத்தி நாப்பத்திரெண்டு இருக்கேனே!”

“இருக்கீங்க. யாரு இல்லைன்னா? அதுல நூத்திப் பதினெட்டு நீங்க கூடவே கொண்டுவந்தது. அதுக்கு அந்த மாநிலம் ஜவாப்தாரி. இங்க போட்ட எடைக்குத்தான் நாங்க. உள்ளூர் எடை நாப்பது கிலோவாவது இருக்கணும். இருபத்திநாலு கிலோ ஆளுக்கு வயித்தைச் சின்னதாக்கச் சொல்லி எழுதினா ஆடிட்ல என்னை உரிச்சிடுவாங்க.”

“இவரு ஒரே ஆளுதானே சார்?” என்றாள் ஜூடித்.

“உடம்பு ஒண்ணுதாம்மா. ஃபைலு ரெண்டு.”

ஆம்ப்ரோஸ் லீவு போட்டு, பழைய எடைக்குப் பொறுப்பேற்கக் கேட்டுத் தமிழ்நாட்டு அலுவலகத்துக்கு அலைந்தார். பதினெட்டாம் நாள் முத்திரையோடு பதில் கிடைத்தது. ‘மேற்படியார் தமது எடை முழுவதையும் தம்முடனேயே எடுத்துச் சென்றுவிட்டபடியால், இவ்வலுவலகத்தில் அவர் எடை ஏதும் நிலுவையில் இல்லை என்பது இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.’

ஸ்ரீகண்டன் அதன் நடையை ரசித்துப் படித்தார். “ரெண்டு மாநிலமும் எதைப் பங்கு போட்டு முடிச்சிருக்கு? தண்ணியே முடியலே. மனிதாபிமானத்துல சொல்றேன், நாப்பதுக்குக் குறையற பதினாறு கிலோவை இங்கயே ஏத்திடுங்க. ஆனா சாப்பிட்டதுக்கு பில் வேணும். எல்லையில அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டிச் சாப்பிட்டது செல்லாது.”

உயிர் பிழைக்க வேண்டுமென்றால் சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? வீட்டுச் சோற்றுக்கு பில் கிடையாது என்பதால் ஜூடித் அடுப்பை அணைத்தாள். பொம்மனஹள்ளி வெங்கடசாமி ஹோட்டலில் காலையில் கேசரிபாத், மாலையில் மசால்தோசை, ஒவ்வொரு பில்லிலும் சீல். நடுவில் நோன்பிருக்க வேண்டிய தவக்காலம் வந்தது. பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே பாவமன்னிப்புக் கேட்டுவிட்டு ஆம்ப்ரோஸ் அதையும் தின்றே கழித்தார். பசியில்லாமல் அழுதுகொண்டே தின்ற மனிதரை வெங்கடசாமி அதுவரை பார்த்ததில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஜூடித் தோசையைப் பார்க்கவில்லை, அவர் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மாதத்தில் நூற்றைம்பத்தெட்டு. படிக்குப் படி உட்கார்ந்து மூன்றாம் மாடி சேர ஒரு மணி நேரம் பிடித்தது.

“பேஷ்! உள்ளூர் எடை கரெக்டா நாப்பது!” ஸ்ரீகண்டன் பில்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பிறகு விதிப்புத்தகத்தில் ஒரு பக்கம் திருப்பினார். “அடடா, ஆபரேஷன் மேஜை நூத்தம்பதுதான் தாங்குமாம். எட்டு கிலோ குறைச்சிட்டு வந்துடுங்க.”

“குறையற எட்டு எந்த ஊர் எடை சார்?” என்று கேட்டாள் ஜூடித்.

“கடைசியா ஏறினதுதானேம்மா முதல்ல இறங்கும்? உள்ளூர் எடைதான்.”

“அப்போ முப்பத்திரெண்டு ஆயிடுமே!”

“ஆகும். அப்புறம் எட்டு ஏத்தணும்.”

ஆம்ப்ரோஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது, அதுவும் அரைகுறையாக. ஜூடித் அவர் முதுகைத் தடவிக்கொண்டே நிமிர்ந்தாள்.

“இவரு செத்தா எந்த ஊர் கணக்குல சார் எழுதுவீங்க?”

ஸ்ரீகண்டன் சூப்பைக் கீழே வைத்தார். உண்மையாகவே யோசித்தார். “நல்ல கேள்விம்மா. ரூல்ல இல்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேக்கறேன்.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் கொதித்தெழுந்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். கொதிக்கத்தான் செய்தார்கள், இந்த ஒருத்தருக்கே அரை மணி நேரமா என்று.

ஜூடித் அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு கனத்த ஆசாமி மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்து சேர்ந்தார். சேலத்திலிருந்து மாற்றலாகி வந்தவராம்.

“அண்ணே, பில்லுல சீல் போட்டுக் குடுக்கற ஹோட்டல் எதுண்ணே?”

ஆம்ப்ரோஸ் படியில் உட்கார்ந்தார். மூச்சு வரும்வரை காத்திருந்தார். வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் சொன்னார்.

“பொம்மனஹள்ளி... வெங்கடசாமி ஹோட்டல். என் பேரைச் சொல்லுங்க. கேசரிபாத்துக்குத் தனி பில்லா கேட்டு வாங்கிக்குங்க... இல்லேன்னா செல்லாது.”