அப்பறம் அண்ணன் 'இப்ப' என்று அழுத்திய நாள்

கம்ப்யூட்டரை எதற்கெல்லாமோ பயன்படுத்தியவர்கள் இந்தப் பூமியில் உண்டு. ஆனால் அதற்குள் ஒரு ஊரையே குடிவைத்தவர், எனக்குத் தெரிந்து, அப்பறம் அண்ணன் ஒருவர்தான்.

கீரமங்கலத்தில் பூ மார்க்கெட்டுக்குத் திரும்பும் முக்கில் அவருடைய கடை. ஜெராக்ஸ், ஸ்கேன், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. அதே கடையில் ஒரு பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் நான் மூன்று வருடம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் வருகிறவர்கள் அவரைத் தாண்டித்தான் வரவேண்டும். தாண்டும்போது அவர் சும்மா விடமாட்டார். "காலரச் சரி பண்ணுங்க. இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போனா வேலை குடுப்பாங்களா?" என்று ஏதாவது சொல்லி அனுப்புவார். நான் எடுத்த போட்டோக்களில் ஊரே கொஞ்சம் கலவரமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

வயது ஐம்பதுக்குப் பக்கம். எப்போதும் வெள்ளைச் சட்டை. பையில் நான்கு பேனா இருக்கும், நான்கும் எழுதாது. அவருக்கு ஒரு பெயர் நிச்சயம் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால் கடைக்கு வழி சொல்ல ஆள் கிடைக்காது.

'அப்பறம்' என்ற பட்டம் வந்த கதை இதுதான். அவருடைய கம்ப்யூட்டர் சில வருடங்களாகவே புது அப்டேட் வந்திருக்கிறது, போட்டுக்கொள்ளவா என்று கேட்டுக்கொண்டிருந்தது. வாரத்தில் நாலைந்து தடவை நீலக் கட்டம் ஒன்று மேலே வந்து நிற்கும். கீழே இரண்டு பட்டன்: 'இப்போது', 'பிறகு'. அண்ணன் மவுசை மெதுவாக நகர்த்தி, வீடு தேடி வந்த தூரத்துச் சொந்தக்காரரிடம் பேசுவதுபோல, "அப்பறம் பாப்போம்ங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் இரண்டாவது பட்டனை அழுத்துவார். கடையில் காத்திருப்பவர்கள் அதைக் கேட்டுக் கேட்டு அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மனிதர்களிடம் அந்த வார்த்தையை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிய பிறகு வந்து, "அண்ணே, ஒரே ஒரு ஜெராக்ஸ்" என்றாலும் திறந்துவிடுவார்.

அப்டேட்டை ஏன் அவ்வளவு தள்ளிப்போட்டார் என்று தெரிந்துகொள்ள, அவருடைய டெஸ்க்டாப்பைப் பற்றித் தெரிய வேண்டும்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் அவர்களுடைய சாதிச் சான்று, மார்க் ஷீட், பட்டா, போட்டோ எல்லாம். இதுவரை எல்லாக் கடையிலும் உள்ளதுதான். அண்ணன் அந்த ஃபோல்டர்களை யார் வீடு எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில் வைத்திருந்தார். திரையின் நடுவில் மேலே பஸ் ஸ்டாண்ட். அதிலிருந்து இடது பக்கம் பூ மார்க்கெட், கீழே பள்ளிக்கூடத் தெரு, வலது ஓரம் ஆலங்குடி ரோடு. ஊரை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. பெயர்களும் அவர் வைத்ததுதான். 'மாடு முட்டின ராசு', 'ரெண்டு மாடி டீச்சர்', 'கடன் கேட்டா சிரிக்கிறவர்', 'தேங்கா மண்டி பாய் (பெரியவர்)', 'தேங்கா மண்டி பாய் (கோவக்காரர்)'.

சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்களைத் திரையின் வலது மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "அவங்களுக்கு டயம் வேறல்லப்பா?" என்றார்.

கீழே ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெறுமையாகக் கிடந்தது. இடம் காலியாக இருக்கிறதே என்று நான் ஒருநாள் ஒரு பெண்ணின் ஃபோல்டரை அங்கே வைத்துவிட்டேன். பின்னால் நின்றவர் பதறிப்போய் மவுசைப் பிடுங்கினார்.

"ஏப்பா! அந்தப் புள்ளையக் குளத்துல தள்ளிப்புட்டியே!"

ஊர்க் குளம் அது. அன்றிலிருந்து நான் அந்தத் திரையில் எதையும் இடம் மாற்றியதில்லை.

யாராவது வீட்டில் கல்யாணம் என்றால் அண்ணனுக்குக் கம்ப்யூட்டரிலும் வேலை வந்துவிடும். காலண்டரில் நல்ல நேரம் பார்த்து, பெண்ணுக்குத் தனி ஃபோல்டர் போட்டு, மாப்பிள்ளை வீட்டுத் தெருவுக்கு மெதுவாக இழுத்துக்கொண்டுபோய் விடுவார். அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் இரண்டு ஃபோல்டருக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடம் விடுவார். விஷயம் ஊரில் பரவி, சிலர் சிபாரிசோடு வர ஆரம்பித்தார்கள். மாடு முட்டின ராசு ஒருநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணே, என்னைய அந்தப் பக்கத்து வீட்டுக்காரன்கிட்டயே வச்சிருக்கீகளாம்ல? அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. கொஞ்சம் தள்ளி வைங்க."

"ஒங்க வீடு அங்கதானங்க இருக்கு?"

"வீடு அங்கதான் இருக்கு. அதுக்காக இங்கயுமா?"

அண்ணன் யோசித்துப் பார்த்து மறுத்துவிட்டார். "வீட்ட மாத்திட்டு வாங்க, மாத்தித் தாரேன்" என்றார்.

ஆலங்குடியில் ஒரு கடையில் அப்டேட் போட்டதும் டெஸ்க்டாப் முழுக்கக் கலைந்து இடம் மாறிவிட்டதாக யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குப் பிடித்த பயம்தான் இத்தனை 'அப்பறம்'களுக்கும் காரணம். புதுக்கோட்டையிலிருந்து வரும் சர்வீஸ்காரர் ஒவ்வொரு தடவையும் எச்சரிப்பார். "அண்ணே, பழைய சிஸ்டத்துக்கு சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க. இனிமே ஒவ்வொரு வெப்சைட்டா தெறக்காமப் போயிரும்." அண்ணன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

சர்வீஸ்காரர் சொன்னபடியே நடந்தது. முதலில் ரயில் டிக்கெட் பக்கம் திறக்கவில்லை. பிறகு ஒரு கல்லூரிப் பக்கம். அண்ணன் அவற்றை என் லேப்டாப்பில் செய்து சமாளித்தார். என் லேப்டாப் ஒருநாள் ரிப்பேருக்குப் போனது. அன்றைக்குப் பார்த்துத்தான் தமிழரசி வந்தார்.

தமிழரசி மார்க்கெட்டில் பூக் கட்டுகிறவர். கணவர் இறந்து இரண்டு வருடம். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலைக்கு விண்ணப்பம் போட அன்றுதான் கடைசி நாள், அதுவும் மாலை ஐந்து மணி வரை. காலை பத்தரைக்கே வந்துவிட்டார். அவருடைய சான்றிதழ்கள் எல்லாம் அண்ணனின் திரையில் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் இருந்தன. விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தால் வெள்ளையாக நின்றது. உங்கள் சிஸ்டம் பழையது, புதுப்பித்துக்கொள்ளவும் என்று ஒரு வரி மட்டும்.

நான் பக்கத்துக் கடைக்கு ஓடிப் பார்த்தேன். கடைசி நாள் கூட்டம் ரோடு வரை நின்றது. இன்னொரு கடை பூட்டிக் கிடந்தது, கடைக்காரர் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்து சொன்னேன். தமிழரசி கையிலிருந்த மஞ்சள் பையைச் சுருட்டியபடி, "முடியலன்னா பரவால்லண்ணே. நமக்கு இது அமையல போல" என்றார்.

அந்த நேரம் பார்த்து நீலக் கட்டம் வந்து நின்றது.

அண்ணன் அதைப் பார்த்தார். திரையில் இருந்த ஊரை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு, "சரி, வாங்க" என்று சொல்லி முதல் பட்டனை அழுத்தினார். நான் என் காதையே நம்பவில்லை.

திரை கறுத்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. 'ஒரு சதவீதம். கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்.'

செய்தி எப்படிப் போனதோ, பதினொன்றரைக்குள் கடை வாசலில் பத்துப் பேர். டீக்கடைக்காரர் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, "என்னப்பா ஸ்கோரு?" என்று கத்துவார். "இருபத்தி ரெண்டு!" என்று நான் பதிலுக்குக் கத்துவேன். முப்பதில் போய் ஒரு மணி நேரம் நின்றது. "அவுட் ஆயிருச்சோ?" என்றார் டீக்கடைக்காரர். அண்ணன் சாப்பிடப் போகவில்லை. யாரும் தெரியாமல் கை வைத்துவிடக்கூடாது என்று சுவிட்ச் போர்டுக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார்.

அறுபத்தி மூன்றில் கரண்ட் போனது.

இன்வெர்ட்டர் ஒரு நிமிடம் தாங்கியது. பிறகு 'கீக், கீக்' என்று அழ ஆரம்பித்தது. பேட்டரி வயதானது. இன்னும் ஐந்து நிமிடம் தாங்கினால் அதிகம். நடுவில் அணைந்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும் என்று சர்வீஸ்காரர் சொல்லியிருந்ததை நான் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். வாசலில் நின்ற லோடு ஆட்டோக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே வந்தார்.

"எல்லாம்னா? என் லைசென்ஸ் எல்லாம் அதுக்குள்ளதான இருக்கு?"

"ஒங்க ஆர்சி புக்கும் இருக்கு" என்றார் அண்ணன், சுவிட்ச் போர்டை விட்டு நகராமல்.

"என் மகளோட மார்க் சீட்டு?" என்றது ஒரு குரல். "எங்க பட்டா?" என்றது இன்னொன்று. எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது.

லோடு ஆட்டோக்காரர் ஓடிப்போய், மல்லிகை மூட்டை ஏற்றி நின்ற வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்து எலக்ட்ரீஷியன் ஒயரை மாட்டினார். மாட்டிய நேரத்தில் தீப்பொறி ஒன்று பறந்து, கூட்டம் மொத்தமும் ஓரடி பின்வாங்கியது. இன்வெர்ட்டர் அழுகையை நிறுத்தியது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. 'அறுபத்தி நாலு' என்று நான் சொன்னதும், பேச்சுவார்த்தையே இல்லாத மாடு முட்டின ராசுவும் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பிறகு யார் கை என்று பார்த்து விட்டுவிட்டார்கள்.

மூன்றே முக்காலுக்குத் திரை திறந்தது.

பளபளவென்று இருந்தது. கீழே ஓரத்தில் இருந்த பட்டன்கள் நடுவுக்கு வந்திருந்தன. ஃபோல்டர்கள் அத்தனையும் இருந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் இடது மூலையில் ஆரம்பித்து, அகரவரிசைப்படி, நெட்டுக்குத்தாக. மார்க்கெட் இல்லை, பள்ளிக்கூடத் தெரு இல்லை, சிங்கப்பூர் இல்லை. குளத்தில் ஒன்பது குடும்பம் நின்றது.

அண்ணன் உட்கார்ந்தார். விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தார். தமிழரசியின் ஃபோல்டரைத் தேட அவருக்குக் கை வரவில்லை. வழக்கமாகப் போகும் இடத்துக்கு மவுஸ் தானாகப் போய், அங்கே வேறு யாரோ இருப்பதைப் பார்த்துத் திரும்பியது. நான் பெயரைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். நாலரைக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்து, ரசீது அச்சாகி வந்தது. தமிழரசி அதை வாங்கிக்கொண்டு, "ஒங்களுக்கு எவ்வளவு செரமம் குடுத்துட்டேன்ணே" என்றார். "இதுல என்னம்மா செரமம்?" என்றார் அண்ணன்.

கூட்டம் கலைந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். "ஊரையே காலி பண்ணி, ரேஷன் கடை மாதிரி வரிசையில நிக்க வச்சுட்டாங்களேப்பா."

மறுநாளிலிருந்து குடியேற்றம் ஆரம்பித்தது. உதவி செய்யட்டுமா என்று கேட்டதற்கு, "நீ குளத்துல போடுற ஆளு" என்று சொல்லிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம் விசாரணை. "நீங்க இப்ப எங்கிட்டு இருக்கீங்க? பழைய வீட்டுலயா?" கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது, ரெண்டு மாடி டீச்சர் வீட்டை விற்றுவிட்டு அறந்தாங்கிக்குப் போய்விட்டார். கோவக்கார பாய்க்குக் கோபம் போய்ச் சர்க்கரை வந்திருந்தது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவர்களில் நாலு பேர் திரும்பி வந்து தென்னந்தோப்பு வைத்திருந்தார்கள். அண்ணன் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் திருத்தினார்.

இறந்தவர்களின் ஃபோல்டர்களும் நிறைய இருந்தன. அவற்றை அழித்தால் கம்ப்யூட்டர் வேகமாக ஓடும் என்றார் சர்வீஸ்காரர். அண்ணன் அவரை முறைத்தார்.

"செத்துப்போனா ஊர விட்டுப் போகணும்னு சட்டமா இருக்கு?"

அவர்களும் அவரவர் வீட்டிலேயே குடியேறினார்கள்.

பதினோரு நாள் ஆனது. முடிந்த அன்று மாடு முட்டின ராசு வந்து, ஊர் பழையபடி ஆகிவிட்டதா என்று கேட்டார். தன் இடத்தை எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரரும் அங்கேயே இருந்தார். "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தமிழரசிக்கு வேலை கிடைத்தது. உத்தரவை ஜெராக்ஸ் எடுக்க அவர் வந்த நாளில் அண்ணனுக்குப் புதுப் பிரச்சினை. வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால், வேலை பள்ளிக்கூடத் தெருவில். எங்கே வைப்பது? கொஞ்ச நாள், காலையில் கடை திறந்ததும் அவரைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டுபோய் விடுவதையும், சாயங்காலம் திரும்ப வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பதையும் நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை லீவு.

நான் அந்தக் கடையை விட்டு வந்து கொஞ்ச காலம் ஆகிறது. இப்போது திருக்கோகர்ணத்தில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து இதுபோல எழுதிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் என் கம்ப்யூட்டரும் அப்டேட் போட ஆரம்பித்தது. அது முடியும்வரை செய்ய ஒன்றும் இல்லாமல் அண்ணனுக்கு ஒரு போன் போட்டேன். டீக்கடைக்காரர் கடையை இடம் மாற்றியதையும், அதற்காக மூன்று தெருவைத் தள்ளிவைக்க வேண்டியிருந்ததையும் சொல்லிக்கொண்டிருந்தார். என் அப்டேட் எப்போதோ முடிந்துவிட்டது. போனை வைக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை.