பாத்திக்குள் பழைய இங்கிலீசு

இந்தச் சனிக்கிழமை மாமியின் பாத்தியில் பனங்கிழங்கு கிண்டுவதில்லை. சத்தியமாக இல்லை. அன்றைக்கு வேலணையில் மென்பந்து இறுதியாட்டம். விக்கெட் காப்பாளன் நான்.

முடிவு எடுத்தாயிற்று. லோஜனாவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. லோஜனா என் மனைவி, மாமியின் மகள். எனக்குப் பத்தொன்பது வயது, அவளுக்கும் அதே. உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு கட்டிக்கொண்டோம். எனக்கு எதிலும் பொறுமை கிடையாது.

ஆகவே, படிக்கப்போவதாகப் புளுகத் தீர்மானித்தேன். இந்தத் தீவில் ஒருத்தரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாத பாடமாக இணையத்தில் தேடினேன். அகப்பட்டது மத்தியகால ஆங்கிலம். அறுநூறு வருசத்துக்கு முந்தின இங்கிலீசு.

"இப்பத்தை இங்கிலீசிலயே நீர் பெயில். அந்தக்காலத்து இங்கிலீசு என்னத்துக்கு?" என்றாள் லோஜனா.

"அது ஒருத்தருக்கும் விளங்காது. அங்கை நானும் மற்றாக்களும் சமம்."

"புத்தகம்?"

"வேண்டாம். எல்லாம் வெப்சைட்டில சும்மா கிடக்கு. அகராதி இருக்கு. ஆட்டுத்தோலில எழுதின ஏடுகளின்ர படம் இருக்கு. ஆனா சனிக்கிழமை முழுக்க நான் ஊர்காவற்றுறையில நிக்கவேணும். இஞ்சை சிக்னல் காணாது."

"உமக்கு வாசிக்கப் பஞ்சியெல்லே?"

சோம்பேறி நான் இந்த இடத்தில் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

"வாசிக்கவே தேவையில்லையப்பா! பேராசிரியர்மார் வாசிச்சுப் பதிஞ்சு விட்டிருக்கினம். காது மட்டும் போதும்."

"கண் வேண்டாமோ?"

"வேண்டாம்."

"கை?"

"கை என்னத்துக்கு? அது சும்மாதான் கிடக்கும்."

"ஓ" என்றாள். அவ்வளவுதான். அந்த "ஓ"வுக்கே நான் பயந்திருக்க வேண்டும். வென்றுவிட்டேன் என்று நினைத்து, விளையாட்டுக் காற்சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டேன்.

சனிக்கிழமை விடிய வாசலில் நின்றாள். ஒரு கையில் என் போன், மறு கையில் கிழங்கு கிண்டும் அலவாங்கு.

"நேற்று ஊர்காவற்றுறைக்குப் போனனான். முப்பத்தாறு பாடத்தையும் போனில இறக்கியாச்சு. இனிச் சிக்னல் தேவையில்லை. காதைப் படிக்க விடும், கையைக் கிண்ட விடும்."

கிண்டினேன். போனைப் பாத்தி வரம்பில் சத்தமாக வைத்துவிட்டு, லோஜனா கிழங்கைக் கட்டுக்கட்டாகக் கட்டினாள். யாரோ ஒரு வெள்ளைக்காரர் தொண்டையில் மீன்முள் சிக்கினதுபோல வாசித்துக்கொண்டிருந்தார்.

"இவருக்கு என்னவாம் பிள்ளை?" என்றா நாகபூசணி மாமி.

"மருமகன் படிக்கிறார் அம்மா."

"பாவம். ஆர் பாவம்? போனுக்குள்ள இருக்கிறவரோ, இவரோ?"

பின்னேரம் எங்கள் அணியின் துஷ்யந்தன் போன் எடுத்தான். தோற்றுவிட்டார்களாம். நான் இல்லாததால் இல்லையாம், அதையும் சொன்னான்.

அடுத்த மூன்று சனியும் அதே பாத்தி, அதே வெள்ளைக்காரர். பாடம் முடிய வெப்சைட்டில் ஒரு சோதனை வந்தது. எனக்கு நாலு கேள்விக்கு மேல் பொறுமை இல்லை. லோஜனா இருந்து எழுதினாள். நூற்றுக்கு எண்பத்தேழு.

அவளின் சான்றிதழை மாமி கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறா.

ஆணி அடித்தது நான்.