எட்டாவது புதரின் கடைசிப் பதினாறு பக்கங்கள்

ஒரு காட்டில் ஒரு புலியும், பதினோரு யானைகளும், நூற்று நாற்பது எழுத்தாளர்களும் இருந்தார்கள். புலியைக் கண்டால் ஓடிய பிராணிகள், கையில் புத்தகக் கட்டோடு எதிரே வரும் எழுத்தாளரைக் கண்டால் இன்னும் வேகமாக ஓடின. புலி ஒரே அடியில் முடித்துவிடும். எழுத்தாளர் முன்னுரையிலிருந்து ஆரம்பிப்பார்.

அந்த நூற்று நாற்பது பேரில் ஒருவர் ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றி. இந்த மாதிரிக் கதைகளில் விலங்கை ‘அது’ என்று சொல்வதுதான் வழக்கம். எழுத்தாளரை அப்படிச் சொன்னால் மறுநாளே கண்டனக் கூட்டம் போட்டுவிடுவார்கள். ஆகவே அவர்.

ஈட்டியப்பன் ஆறு வருடம் உட்கார்ந்து ‘எட்டாவது புதர்’ என்று ஒரு நாவல் எழுதினார். பஞ்ச காலத்தில் மகனோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு கிழ முள்ளம்பன்றி வளையை விட்டுக் கிளம்பிவிடுகிறது. ஏழு புதர்களைத் தாண்டி எட்டாவது புதரடியில் நின்று, திரும்பிப் போவதா வேண்டாமா என்று யோசிக்கிறது. கடைசி அத்தியாயத்தில் திரும்பி வருகிறது. மகன் வாசலில் நிற்கிறான். அந்தப் பதினாறு பக்கங்களை எழுதும்போது ஈட்டியப்பன் தேம்பித் தேம்பி அழுதார். மனைவி வடிவு பயந்துபோய், யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டு ஓடிவந்தார். அன்றிலிருந்து ஈட்டியப்பனுக்கு ஒரே ஆசை. அந்த இடத்தைப் படித்துவிட்டுத் தன்னைத் தவிர இன்னொரு ஜீவன் அழ வேண்டும். ஒன்றே ஒன்று போதும்.

பதிப்பாளர் ஆந்தை கையெழுத்துப் பிரதியை இரண்டு வருடம் வைத்திருந்தார். கேட்கும்போதெல்லாம், “படிச்சுக்கிட்டே இருக்கேன் சார், கீழ வைக்க முடியல” என்றார். பிரதி திரும்பி வந்தபோது ஈட்டியப்பன் கட்டிய கயிறு போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது. சரி, நாமே போட்டுக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்.

சொந்தமாகப் புத்தகம் போடுவது என்றால் சும்மாவா? நூலுக்கு எண் வாங்க ஆற்றங்கரை அலுவலகத்தில் வரிசையில் நின்றார். முன்னால் நாற்பத்தொரு பேர், அத்தனை பேரும் நாவலாசிரியர்கள். ஜன்னலுக்கு உள்ளே ஓர் ஆமை. படிவத்தில் ‘நூலின் வகை: கதை, கவிதை, பயனுள்ளது. ஏதேனும் ஒன்றை மட்டும் டிக் செய்க’ என்றிருந்தது. ஈட்டியப்பன் வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டுக் ‘கதை’யில் டிக் அடித்தார்.

பிறகு காட்டெருமை பூதலிங்கத்தின் அச்சகம். ஈட்டியப்பன் மூன்று முறை புரூஃப் பார்த்தார். ஒரு ஒற்று விடவில்லை. ஆனால் கட்டி முடித்த புத்தகம் கைக்கு வந்ததும், எந்த எழுத்தாளரும் செய்வதைத்தான் செய்தார். முகர்ந்து பார்த்தார். அட்டையைத் தடவினார். பின்னட்டையில் தன் படம் எப்படி விழுந்திருக்கிறது என்று நாலு கோணத்தில் பார்த்தார். உள்ளே பிரித்துப் பார்க்கவில்லை. உள்ளே இருப்பதுதான் தெரியுமே!

வெளியீட்டு விழா அமர்க்களப்பட்டது. முன் வரிசைக்காரர்கள் ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தினார்கள். முள்ளம்பன்றிக்குப் போர்த்திய பொன்னாடையைத் திரும்ப எடுப்பது லேசான காரியமா? ஐந்து பொன்னாடையும் முள்ளில் குத்திக்கொண்டு நிற்க, ஈட்டியப்பன் கோயில் தேர் மாதிரி அசைந்து அசைந்து வீடு போய்ச் சேர்ந்தார். வடிவு ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுக்க இரண்டு நாளாயிற்று. விழாவுக்கு வந்த எழுத்தாளர்கள் அத்தனை பேருக்கும் கையெழுத்திட்ட பிரதி இலவசம். மிச்சப் பிரதிகள் வளைக்குள் அடுக்கப்பட்டதால் புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒருக்களித்துப் படுக்கப் பழகிக்கொண்டார்கள்.

இனிமேல்தான் விஷயம். காட்டு எழுத்தாளர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொருவரும் தான் ‘இப்போது வாசிப்பில்’ வைத்திருக்கும் புத்தகத்தைப் படம் பிடித்துப் போட வேண்டும். பக்கத்தில் ஒரு டம்ளர் டீ இருக்க வேண்டும். நடுவே ஒரு காய்ந்த இலையை அடையாளமாக வைத்திருந்தால் விசேஷம். கீழே இரண்டு வரி பாராட்டு. நீ என் புத்தகத்தைப் போட்டால் நான் உன் புத்தகத்தைப் போடுவேன் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலேயே மூன்று வருடமாக ஒரு வாரம் தவறாமல் நடந்துவந்தது.

ஈட்டியப்பனின் வாரம் வந்தது. செல்போனை மடியில் வைத்துக்கொண்டு விடியலிலிருந்து உட்கார்ந்திருந்தார். முதலில் விமர்சகர் நரி நுண்ணறிவனின் படம் விழுந்தது. டீ, காய்ந்த இலை, எட்டாவது புதர். ‘முடித்துவிட்டு ஒரு மணி நேரம் பேச்சே வரவில்லை. இறுதி அத்தியாயத்தில் கண் கலங்காதவர் மிருகமே அல்ல.’ அடுத்து கவிஞர் கரடி தேனரசன். ‘கடைசி வரி என்னை உலுக்கிவிட்டது. அதிலிருந்து மீள ஒரு வாரமாகும்.’ இப்படி மொத்தம் இருபத்தேழு பேர்.

ஈட்டியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஜீவன் கேட்டவருக்கு இருபத்தேழு ஜீவன்கள்!

“வடிவு, இங்க வா. எல்லாரும் அழுதிருக்காங்க. அந்தக் கடைசி அத்தியாயத்தை உனக்கும் படிச்சுக் காட்டறேன்.”

“அடுப்புல உலை கொதிக்குதுங்க.”

“கொதிக்கட்டும், உட்காரு.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொண்டையைச் செருமினார். புத்தகத்தின் கடைசிப் பகுதியைப் பிரித்து, நடுங்கும் குரலில் வாசிக்க ஆரம்பித்தார்.

“கிழவர் எட்டாவது புதரடியில் நின்றார். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். கரணைகளை மூன்றடி இடைவெளியில், மொட்டு மேல்நோக்கி இருக்குமாறு செங்குத்தாக நட வேண்டும்.”

வடிவு நிமிர்ந்து பார்த்தார். “எதை நடணும்?”

ஈட்டியப்பன் பக்கத்தைப் புரட்டினார். செடிக்கு இரண்டு தண்டுகளை மட்டும் விட்டு மற்றவற்றை ஒடித்துவிடவும் என்றது அடுத்த பக்கம். நாலு பக்கம் தள்ளி, காட்டுப்பன்றிகள் நுழையாதபடி வேலி அமைக்கும் முறை, படத்துடன். இருபத்தேழு பேரை உலுக்கிய கடைசி வரி இதுதான்: ‘வடிகால் இல்லாத நிலத்தில் கிழங்கு அழுகும்.’

அச்சகத்துக்கு ஓடினார். பூதலிங்கம் தலையைச் சொறிந்தார். அதே வாரம் மரவள்ளிக் கிழங்கு சாகுபடிக் கையேடு ஒன்றும் அங்கே அச்சாகியிருக்கிறது. அதே அளவு, அதே காகிதம். பதினாறு பக்கத் தாள் ஒரு கட்டு இடம் மாறி, எல்லாப் பிரதியிலும் ஏறிவிட்டது.

“கையேட்டுக்காரங்க ஒண்ணும் சொல்லலையா?” என்று கேட்டார் ஈட்டியப்பன்.

“அவங்க மறுநாளே வந்து சத்தம் போட்டாங்க சார். கிழங்கு எங்கேன்னு கேட்டு, புதுசா அடிச்சு வாங்கிட்டுப் போயிட்டாங்க. உங்க பக்கம்தான் யாருமே கேக்கலையே.”

அந்தச் சொல் முதுகில் அல்ல, நெஞ்சில் போய்த் தைத்தது. ஈட்டியப்பனுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அன்று மாலை எழுத்தாளர்கள் கூடும் புங்க மரத்தடிக்குப் போனார். முள்ளெல்லாம் விறைத்து நிற்க, புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

“ஒருத்தர்கூடப் படிக்கல! கடைசி அத்தியாயமே இதுல இல்ல. மரவள்ளிக் கிழங்குதான் இருக்கு. கிழங்கு அழுகுறதுக்கா நீங்கல்லாம் அழுதீங்க?”

நரி நிதானமாக டீயை உறிஞ்சிவிட்டு எழுந்தார்.

“ஈட்டியப்பன், போன மாசி மாசம் என் கட்டுரை நூல் வந்ததே, ‘வால் நுனியில் ஒரு கோட்பாடு’. நீங்க குழுவுல என்ன எழுதினீங்க?”

“ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன்னு எழுதினேன்.”

“அந்தப் புத்தகத்துக்கு ஓரம் வெட்டாமயே பைண்டு பண்ணிட்டாங்க. பக்கமெல்லாம் மடிப்போட ஒட்டிக்கிட்டு இருந்தது. கத்தி வெச்சு அறுக்காம பாதிப் பக்கம்கூடக் கண்ணுல படாது. நீங்க எந்த மூச்சுல வாசிச்சீங்க?”

ஈட்டியப்பனின் முள்ளெல்லாம் ஒவ்வொன்றாகப் படுத்தது.

“நான் ஏதாவது கேட்டேனா? உங்க பாராட்டுக்குக் கைகூப்பற எமோஜி போட்டேன். அதுதான் சார் நாகரிகம்” என்றார் நரி.

கரடி ஈட்டியப்பனை ஆதரவாகத் தட்டிக்கொடுக்கப் போய், முள் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார். “எழுதறதுக்கே நேரம் பத்த மாட்டேங்குது தம்பி. இதுல வாசிக்க வேற சொன்னா எப்படி?”

அதில் நியாயம் இல்லை என்று ஈட்டியப்பனால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்தார். குழுவில் வழக்கம்போல எல்லோருக்கும் கைகூப்பும் எமோஜி போட்டார். அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. வளைக்குள் அடுக்கியிருந்த பிரதிகளைப் பார்க்காமல் இருக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அந்தப் பக்கமும் பிரதிகள்தான்.

பத்து மாதம் போயிற்று. ஒருநாள் பட்டப்பகலில் வாசலில் யாரோ கனைக்கும் சத்தம். எட்டிப் பார்த்தால் ஒரு காட்டுப்பன்றி நிற்கிறது. தோளில் ஒரு கிழங்கு, தொடைப் பருமன். கக்கத்தில் மண் அப்பிய எட்டாவது புதர்.

“ஏனுங்க, இதெ எழுதுனவரு நீங்கதானுங்களா? எம் பேரு மண்ணாண்டிங்க.”

“ஆமா. புத்தகம் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?”

“தேனடை இருக்குற மரத்தடியில கெடந்துச்சுங்க. உள்ளாற ‘அன்புக் கவிஞர் தேனரசனுக்கு’ன்னு எழுதியிருந்துச்சு. அவரு வந்து எடுப்பாருன்னு ஒரு வாரம் பாத்தனுங்க. வரல. செரி, நாம படிப்போம்னு எடுத்துட்டுப் போயிட்டனுங்க.”

ஈட்டியப்பன் வாயைத் திறக்குமுன் மண்ணாண்டி கிழங்கைக் கீழே இறக்கினார்.

“நீங்க சொன்ன மாதிரியே மூணடிக்கு ஒண்ணா நட்டனுங்க. ரெண்டு தண்டு உட்டுட்டு மிச்சத்தெ ஒடிச்சனுங்க. பாருங்க, எப்புடி உழுந்திருக்குதுன்னு! அந்த வேலி போடற எடந்தான் மனசுக்குக் கொஞ்சம் நோவாப் போச்சுங்க. இருந்தாலும் உண்மையத்தான எழுதியிருக்கீங்க. அதெப் படிச்சதுல, ஊர்க்காரங்க வேலியில எங்க நுழையலாம்னும் தெரிஞ்சு போச்சுங்க.”

“நல்லதுங்க” என்றார் ஈட்டியப்பன், சுரத்தில்லாமல். ஆக, வந்தவரும் கிழங்குக்குத்தான் வந்திருக்கிறார்.

மண்ணாண்டி போகாமல் நின்றார். குளம்பால் மண்ணைக் கீறினார்.

“ஒரே ஒரு சந்தேகமுங்க. அந்தப் பெரியவரு, எட்டாவது பொதருகிட்ட நின்னுட்டு இருந்தாரல்லங்க? கடைசியில ஊட்டுக்குப் போனாருங்களா, இல்லீங்களா? திடீர்னு கரணை நடச் சொல்லிட்டீங்க. பத்து மாசமா மம்புட்டியப் புடிக்கும்போதெல்லாம் அதே ரோசனைங்க எனக்கு. மகன் பேசுனானுங்களா?”

ஈட்டியப்பன் வந்தவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுக்காத குறையாக உட்கார வைத்தார். வடிவு, தண்ணி கொண்டா என்று கத்தினார். பிறகு கடைசி அத்தியாயத்தை ஒரு சொல் விடாமல் மனப்பாடமாகச் சொன்னார். கிழவர் திரும்பிப் பார்த்தது, ஏழு புதர்களையும் ஒவ்வொன்றாகக் கடந்து வந்தது, வாசலில் மகன் நின்றது, இருவரும் ஒன்றும் பேசாமல் உள்ளே போனது எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுப் பார்த்தால், மண்ணாண்டியின் கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்துகொண்டிருக்கிறது.

ஈட்டியப்பன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஐந்து பொன்னாடையையும் எடுத்து அந்தப் பன்றிக்கே போர்த்திவிடலாம் போலிருந்தது.

“நல்லா இருந்துச்சா?” என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

மண்ணாண்டி மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா மறுக்கா அச்சுப் போட்டீங்கன்னா, கெழங்கையே வெச்சுருங்க. அழுவறதுக்கு எங்கூட்டுலயே ஆயிரம் இருக்குது. எங்க சனம் முப்பது பேரு வெளிய வரிசையில நிக்கறாங்க. ஆளுக்கு ஒரு பொஸ்தகம் வேணுமாமுங்க.”

வளை ஒரே வாரத்தில் காலியாயிற்று. வடிவு பத்து மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தார். குழுவில் நரி எழுதினார்: ‘நாவல் மண்ணில் வேர்விடும் அந்த இறுதித் திருப்பத்தை முதன்முதலில் கண்டுகொண்டவன் நான்.’ ஈட்டியப்பன் அதற்கும் கைகூப்பும் எமோஜி போட்டார். அப்புறம் பூதலிங்கத்துக்குப் போன் செய்து, அடுத்த நாவல் ஆரம்பித்தாகிவிட்டது, நிலக்கடலை சம்பந்தமாக ஏதாவது அச்சுக்கு வந்தால் சொல்லுங்கள் என்றார்.

நீதி: உங்கள் புத்தகத்தைப் புகழ்கிறவர் அதைப் படித்திருக்க மாட்டார், படித்தவர் புகழ மாட்டார். இரண்டையும் ஒருவரே செய்ய வேண்டும் என்று அடம்பிடித்தால், கடைசிப் பதினாறு பக்கங்களில் கிழங்கு போடுங்கள்.